பள்ளி மூடினால் பிள்ளை எங்கே? விடுமுறைக்கால இலவசப் பகல் முகாம் நம் உரிமை

(ஜொகூர், சாஆவில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். துவைக்க வேண்டிய துணி வீட்டில் காத்திருக்கும். சிலர் இன்று இரவே சிங்கப்பூருக்கோ ஜொகூர் பாருவுக்கோ வண்டி ஏற வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. பள்ளி விடுமுறை விட்ட பிறகு, நீங்கள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான்? யார் கண்காணிப்பில் இருக்கிறான்? மத்தியானம் என்ன சாப்பிடுகிறான்?

யாரையும் கை தூக்கச் சொல்லப் போவதில்லை. பதில் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமியிடம், "விடுமுறையில் என்னம்மா செஞ்ச?" என்று கேட்டேன். "சோறு ஆக்கினேன், தம்பி தங்கச்சியப் பாத்துக்கிட்டேன்" என்றாள். "அப்புறம்?" "கதவப் பூட்டிக்கிட்டு உள்ளேயே இருந்தோம். யார் வந்து தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போவாங்க."

பதினோரு வயதுப் பிள்ளை. நெருப்போடும் பூட்டோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் நாள் முழுக்க ஒரு வீட்டுக்குள். அவள் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. ஆனால் சட்டம் அம்மாவைத்தான் பார்க்கும். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தகுந்த கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம் என்கிறது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பிள்ளையைப் பாதுகாக்க அந்தச் சட்டம் தேவைதான். நான் கேட்பது இதுதான்: தனியாக விடாதே என்று சொல்கிற அரசாங்கம், எங்கே விடுவது என்று ஏன் சொல்லவில்லை?

ஆயாக்கொட்டாய் இருந்த காலம்

இங்கே உள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்தில் ஆயாக்கொட்டாய் இருந்தது. அம்மா பால்மரம் வெட்டப் போனால் கைக்குழந்தை ஆயாக்கொட்டாயில். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் லயத்துக்கும் திடலுக்கும் கோயிலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார்கள். எந்த வீட்டுப் பிள்ளை எந்த மரத்தில் ஏறினாலும் அதட்ட ஒரு கிழவி இருப்பாள். தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அடிமட்டக் கூலி, கங்காணி அதிகாரம், கள்ளுக்கடை எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆனால் பிள்ளைகள் மீது பல கண்கள் இருந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் சனங்கள் தாமானுக்கும் மலிவு விலை வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். பக்கத்து வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுகிறார். ஆயாக்கொட்டாய் போனது, அந்த இடத்தில் எதுவும் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கடமையைத் தோட்ட நிர்வாகம் கைகழுவியது. அரசாங்கமும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் தாயின் தலையில் விழுந்தது.

190 நாளுக்குத்தான் சாப்பாடா?

ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டு விதிப்படி பள்ளி ஆண்டுக்கு 190 நாளுக்குக் குறையாமல் நடக்க வேண்டும். அந்த 190ஐ 365இலிருந்து கழித்தால் மீதி 175. சனி, ஞாயிறு, பெருநாள், தவணை விடுமுறை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மாதம்.

பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. என்னும் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். பல வீடுகளில் பிள்ளைக்குக் காலையில் கிடைக்கிற ஒழுங்கான உணவே அதுதான். ஆனால் அது பள்ளி நாளில் மட்டும். பள்ளிக்கதவு மூடினால் அதுவும் மூடிவிடுகிறது.

யுனிசெஃப் 2018இல் கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். தலைநகரில், கண்ணாடிக் கோபுரங்களின் நிழலில் வாழும் பிள்ளைகளின் நிலை இது. அந்தப் பிள்ளைகளில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். வறுமைக்கு இனம் கிடையாது. ஆனால் உதவி வந்து சேரும் வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

படிப்பும் இப்படித்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஏறக்குறைய 800 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கற்றார்கள். கோடை விடுமுறையில்தான் இடைவெளி விரிந்தது. வசதியான பிள்ளை நூலகம் போனான், முகாம் போனான், பெற்றோரோடு வெளியூர் போனான். ஏழைப் பிள்ளை வீட்டில் கிடந்தான். அந்த இடைவெளியின் அளவு பற்றி ஆய்வாளர்களுக்குள் பின்னாளில் கருத்து வேறுபாடு வந்தது. ஆனால் விடுமுறை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இல்லை என்பதை அறிய நமக்கு ஆய்வு தேவையில்லை. நகரத்தில் ஒரு வார விடுமுறை முகாமுக்குக் கேட்கும் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஒரு தேவாலயம் எரிந்த கதை

"பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்துவது நல்ல காரியம். ஆனால் உரிமை இயக்கத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலுக்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போக வேண்டும்.

1964. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிந்துகொள்ளவே உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்த காலம். கறுப்பினப் பிள்ளையின் பள்ளிக்கு அரசாங்கம் செலவிட்டது வெள்ளைப் பிள்ளைக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்குதான். சார்லி காப் என்ற இளம் போராளி ஒரு யோசனை சொன்னார்: கோடை விடுமுறையில் நாமே பள்ளி நடத்துவோம். கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாக வந்தார்கள். தேவாலயத்திலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. ஆயிரம் பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். 40க்கும் மேற்பட்ட இடங்களில் நடந்தது. அவற்றுக்கு "சுதந்திரப் பள்ளிகள்" என்று பெயர். எழுத்து, கணக்கு, தங்கள் இனத்தின் வரலாறு, பாட்டு, நாடகம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கேள்வி கேட்கும் பழக்கம்.

இதற்கு இனவெறியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுதந்திரப் பள்ளிக்கு இடம் தர ஒப்புக்கொண்ட மவுண்ட் சாயன் தேவாலயத்தை 1964 ஜூன் 16ஆம் தேதி எரித்தார்கள். அதை விசாரிக்கப் போன மூன்று இளைஞர்கள், சேனி, குட்மேன், ஸ்வெர்னர், ஜூன் 21ஆம் தேதி கொல்லப்பட்டார்கள்.

தம்பி, பிள்ளைகளுக்கு விடுமுறையில் பாடம் சொல்ல இடம் கொடுத்ததற்காக ஒரு கோயிலை எரித்திருக்கிறார்கள். எதிரிக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரிய வேண்டாமா?

அந்த விதை அழியவில்லை. மிசிசிப்பியில் வழக்கறிஞராகப் பணியாற்றிய மேரியன் ரைட் எடல்மன் 1973இல் பிள்ளைகள் நலனுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு 1995 முதல் அதே பெயரில், சுதந்திரப் பள்ளிகள் என்று, கோடை விடுமுறையில் இலவசமாக நடத்துகிறது. காலையில் எல்லாரும் கூடிப் பாட்டும் முழக்கமும். பிறகு வாசிப்பு. பிள்ளைகள் தங்கள் முகத்தையே பார்க்கிற மாதிரியான கதைப்புத்தகங்கள். சாப்பாடு. மாலையில் விளையாட்டு. சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அந்த ஊர் அண்ணன்களும் அக்காள்களும்.

ஒரு பந்தாட்டக்காரர் கேட்ட கேள்வி

இங்கே மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்ட பையன்கள் சிலரைப் பார்க்கிறேன். மார்கஸ் ரஷ்ஃபோர்டு பெயர் உங்களுக்குத் தெரியும். தாய் தனியாளாக வேலை பார்த்து வளர்த்த பிள்ளை. பள்ளியில் இலவச உணவு சாப்பிட்டு வளர்ந்தவர். 2020 ஜூன் மாதம், கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளின் உணவை நிறுத்தாதீர்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். முதலில் முடியாது என்ற அரசாங்கம் மறுநாளே இறங்கி வந்தது.

அங்கே 2018இலிருந்து சில இடங்களில் மட்டும் சோதனையாக நடந்த விடுமுறைக்கால முகாம் திட்டம், 2021இல் இங்கிலாந்து முழுவதும் விரிந்தது. பள்ளியில் இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் விளையாட்டு, கலை, சூடான உணவு. கோடையில் நான்கு வாரம், ஈஸ்டருக்கு ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். செலவு அரசாங்கத்தினுடையது. கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், கிடைத்தது.

நாம் எந்த அடிப்படையில் கேட்பது? ஐக்கிய நாட்டுச் சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. அதன் 18ஆவது விதி, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு வசதி பெறும் உரிமை உண்டு என்கிறது. 31ஆவது விதி, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. சில விதிகளை ஏற்க மாட்டோம் என்று மலேசியா விலக்கு வைத்தது. இந்த இரண்டுக்கும் விலக்கு வைக்கவில்லை. ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறோம்.

நம்மாலும் முடியும்

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டில் நடக்கும், இங்கே நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1979இல் இ.டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் கல்வி சமூகநல ஆய்வு அறவாரியம் நம்மவர்களால்தான் தொடங்கப்பட்டது. 1982இல் டாக்டர் தம்பிராஜாவும் பட்டதாரி இளைஞர்களும் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார்கள். வார இறுதிகளில் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிப் படித்தவர்கள் இன்று டாக்டர்களாக, ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1991இல் சிண்டா அமைந்தது. இந்தியத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை வருமானத்துக்கேற்ப அந்த நிதிக்குப் போகிறது. அதிலிருந்து பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை ஒரு நிர்வாகமாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊரிலும் விடுமுறையில் முகாம்கள் நடப்பதுண்டு. ஆனால் என்ன மாதிரி? ஒரு நாள். பெரிய பதாகை. எல்லாருக்கும் டி-சட்டை. இரண்டு மணி நேரத் தன்முனைப்பு உரை. "நீ மருத்துவர் ஆகலாம், விமானி ஆகலாம்" என்று கண்ணீர் வரப் பேசிவிட்டு, பிரமுகரோடு படம் எடுத்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை அந்தப் பிள்ளை மீண்டும் பூட்டிய கதவுக்குப் பின்னால். நல்ல மனத்தோடு செய்கிறவர்களைப் பழிக்கவில்லை. ஆனால் அம்மா தினமும் வேலைக்குப் போகிறாள். பிள்ளைக்குத் தினமும் பசிக்கிறது. ஆகவே முகாமும் தினமும் நடக்க வேண்டும்.

சாஆவில் எப்படிச் செய்வது?

நான் யோசித்ததைச் சொல்கிறேன். நீங்கள் திருத்துங்கள்.

முதலாவது, காலம். 2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து நாள். பெற்றோர் வேலை நேரத்துக்கு ஏற்பக் காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை.

இரண்டாவது, இடம். பள்ளி மண்டபம் கேட்போம். பாலாய் ராயா கேட்போம். இரண்டும் இல்லையென்றால் கோயில் மண்டபம். ஒன்றை மறக்க வேண்டாம்: அது மழைக்காலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் பட்ட பாடு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் இந்தச் சாஆவே தண்ணீரில் நின்றது. மேட்டுப்பாங்கான இடம் வேண்டும். எந்தப் பிள்ளை எந்த வீடு, யாருக்குத் தகவல் சொல்வது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வண்டி. இதுதான் மிக முக்கியம். முகாம் இலவசம் என்று சொல்லிவிட்டு வண்டி இல்லையென்றால், டவுனில் இருக்கிற பிள்ளைதான் வரும். தோட்டத்துப் பிள்ளை வராது. யாருக்காக நடத்துகிறோமோ அவர்களே வெளியே நிற்பார்கள். விடுமுறையில் பள்ளிப் பேருந்துகள் சும்மா நிற்கின்றன. ஓட்டுநர்களுக்கும் அப்போது வருமானம் குறைவு. அவர்களோடு பேசினால் இருவருக்கும் நன்மை.

நான்காவது, யார் வரலாம்? ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பிள்ளையும். வாசலில் வைத்துச் சம்பளச் சீட்டு கேட்கக் கூடாது. 'ஏழைப் பிள்ளை முகாம்' என்று பெயர் வைக்கக் கூடாது. பிள்ளைக்கும் மானம் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை வந்தால் முதல் வரிசையில் உட்கார வைப்போம். பெக்கோக் பக்கத்து ஒராங் அஸ்லி பிள்ளை வந்தாலும், மலாய்க்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை வந்தாலும் அதே தட்டு, அதே சோறு. ஒதுக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று அறிந்தவர்கள் நாம். நாம் யாரையும் ஒதுக்கக் கூடாது.

ஐந்தாவது, என்ன செய்வது? காலையில் பசியாற வேண்டும். பிறகு கதைப்புத்தகம் வாசிப்பு, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும். பயிற்சித்தாள் வேண்டாம், அது பள்ளியில் போதும். மத்தியானம் சூடான சோறு. பிறகு கபடி, பந்து, ஓவியம், உறுமி. வாரத்தில் ஒரு நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து இந்தத் தோட்டங்களின் கதையைச் சொல்ல வேண்டும். தாத்தா எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் வெட்டினார் என்று பேரனுக்குத் தெரிய வேண்டும்.

ஆறாவது, பாதுகாப்பு. எந்த நேரத்திலும் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். பெண் தொண்டர்கள் கட்டாயம். சிறார் பாலியல் குற்றங்களுக்கு எதிராக 2017இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தெரிந்தவர், சொந்தக்காரர், கோயில்காரர் என்று யாருக்கும் விலக்கு கிடையாது.

செலவு எவ்வளவு?

40 பிள்ளைகள், பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குக் காலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு 8 வெள்ளி என்றால் 3,200 வெள்ளி. நான்கு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 50 வெள்ளி என்றால் 2,000. வண்டிக்கு 1,500. புத்தகம், வண்ணம், பந்துக்கு 500. மொத்தம் 7,200 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 18 வெள்ளி.

திருவிழா அன்னதானத்துக்குக் கேட்காமலே அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்குகிற ஊர் இது. முதல் ஆண்டு நம்மால் முடியும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று சுவரில் எழுதி ஒட்டுவோம்.

ஆனால் ஆண்டுதோறும் நம் தலையில் கட்டிக்கொள்ள வேண்டிய வேலையல்ல இது. இந்தியர் மேம்பாட்டுக்கென்று அமைந்த செடிக், 2018இல் மித்ரா ஆனது. ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்ற அறிவிப்பைப் பல வரவு செலவுத் திட்டங்களில் கேட்டிருக்கிறோம். நாட்டில் சுமார் 530 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஒரு முகாம், முகாமுக்கு 7,200 வெள்ளி என்றால்கூட 4 மில்லியனைத் தொடவில்லை. நூறில் நான்கு! இதைத்தான் கேட்கிறோம். கூடவே, ஆர்.எம்.டி. உணவை விடுமுறை முகாமுக்கும் நீட்டிக்கச் சொல்கிறோம். பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிடச் சொல்கிறோம். அது மக்கள் வரிப்பணத்தில் கட்டிய கட்டடம்.

2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் நின்றவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். கண்ணீர்ப்புகையை விழுங்கியவர்கள். அன்று நாம் கேட்டதில் எத்தனை கிடைத்தது, எத்தனை கிடைக்கவில்லை என்ற கணக்கு வேறு. அன்று வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகி இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் பூட்டிய கதவுக்குள்தான் இருக்க வேண்டுமா?

இன்று கலைவதற்கு முன்னால் மூன்று பட்டியல் எழுதிவிடுவோம். பிள்ளைகளின் பெயர் ஒன்று. சமையலுக்கும் கண்காணிப்புக்கும் வரக்கூடிய தாய்மார்கள், இளைஞர்கள் ஒன்று. தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் சட்டமன்ற உறுப்பினரையும் பார்க்கப் போகிற ஐந்து பேர் ஒன்று. அந்த ஐந்து பேரில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். விடுமுறையில் பூட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற வேதனை அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஐந்தாம் ஆண்டுச் சிறுமியின் பெயர் முதல் பட்டியலில் முதலாவதாக இருக்கும். அவள் தம்பி தங்கையின் பெயரும் அடுத்தடுத்து இருக்கும். இந்த விடுமுறையில் அவளுக்கு யாராவது சோறு ஆக்கிப் போடட்டும். அவள் விளையாடட்டும்.